கைக்குத் தட்டாதது

சென்னை
17-2-1962

மருத்துவச்சி லத்தீபா அவர்களுக்கு,

ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த பூமிநாதன் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். மருந்துச் சீட்டைப் படிக்க முடியவில்லை என்று எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருப்பீர்கள்!

இப்போது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ஓர் ஆராய்ச்சி. பெண்களின் மார்பை எக்ஸ்ரே எடுத்து, புற்றுநோயை அறுப்பதற்கு முன்பே படத்தில் கண்டுபிடிப்பது. சாதாரண எக்ஸ்ரே சதையைத் துளைத்துப் போய்விடும், எலும்புதான் தெரியும். நான் மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினேன். இரும்பு ஒட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிலிம் உண்டு, மிக நுண்ணியது. அதைப் போட்டேன். சதை தெரிந்தது. பால் நரம்புகள் வேர்போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதல் நல்ல படம் கிடைத்த அன்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

இதுவரை எழுபத்து மூன்று பெண்கள். அறுவைக்குப் பின் புற்றுநோய் என்று உறுதியானவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தெட்டுப் பேரை நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். என் தலைமை டாக்டர் இதைப் பிலிமுக்குப் பிடித்த கேடு என்கிறார். அவர் சொல்லட்டும். நான் பார்ப்பது எனக்குத் தெரியும்.

ஓர் உதவி வேண்டும். ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால் அவள் உடன்பிறந்தவளுக்கும் வர வாய்ப்பு அதிகம். காலமான ஹமீதா பானுவின் தங்கை காலிதா தொண்டியில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரை ஒரு தடவை இங்கே அழைத்து வர முடியுமா? உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க எனக்கு வழியில்லை.

பூமிநாதன்


786
தொண்டி
24-2-1962

டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் வந்து மூன்று நாளாகிறது. நோன்பு வைத்துக்கொண்டு கோபத்தில் எழுதக் கூடாது என்று தள்ளிப் போட்டேன். கோபம் குறையவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

மெஷினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஹமீதா பானுவுக்கு ஒரே ஒரு சொல், ‘காலமான’ என்று. அவள் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. ஒன்றாக ஓதப் போனவர்கள் நாங்கள். அவள் மார்பில் ஏதோ இருக்கிறது என்று உங்களிடம் கூட்டி வந்தவள் நான். அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி மவுத்தாகிவிட்டாள். மிச்சமிருக்கும் இரண்டு பேருக்கும் அங்கே நடந்தது தெரியும். நான் ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

முதலில் அதை எழுதுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள். காலிதாவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

லத்தீபா


சென்னை
5-3-1962

லத்தீபா அவர்களுக்கு,

எழுதுகிறேன்.

1956 ஆவணியில் நீங்கள் ஹமீதா பானுவைக் கூட்டி வந்தீர்கள். அவர் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. துணியை விலக்கச் சொல்ல எனக்குக் கூச்சம். அவருக்கும் கூச்சம் என்பதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன். துப்பட்டிக்கு மேலேயே இரண்டு விரலால் தொட்டேன். நான்கு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. “பால் கட்டு, ஒத்தடம் கொடுங்கள்” என்றேன். “இன்னொரு தடவை பாருங்க டாக்டர்” என்று நீங்கள் கேட்டீர்கள். “எனக்குத் தெரியும்” என்றேன்.

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. பதினான்கு மாதம் கழித்து அவர் இறந்தார். அப்போது நான் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். மேல்படிப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். எக்ஸ்ரே படிப்பை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கும் ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன்.

அவர் குடும்பத்துக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டுங்கள்.

பூமிநாதன்


786
தொண்டி
28-3-1962

டாக்டர் அவர்களுக்கு,

பெருநாள் முடிந்த மறுவாரம் காலிதா வீட்டுக்குப் போனேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். பிறகு, “ஒத்துக்கிட்டாருல்ல லாத்தா” என்றாள்.

நான் மறுபடி போனேன். நாலாவது தடவை பேச்சை எடுத்தபோது கேட்டாள்: “ஆம்பள முன்னால நான் எப்படி லாத்தா நிப்பேன்? அதுக்கு மவுத்தாப் போயிரலாம்.” அதைத்தான் அவள் அக்காவும் நினைத்திருப்பாள். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் அறையில் ஆண் வாடையே இருக்கக் கூடாது. மெஷினை ஓட்டுகிறவள் பெண்ணாக இருக்க வேண்டும். நீங்களும் உள்ளே வரக் கூடாது. படத்தை மட்டும் பாருங்கள். படத்துக்கு முகம் கிடையாது.

இதற்குச் சம்மதம் என்றால் கூட்டி வருகிறேன். அவள் மாப்பிள்ளை ஹாஜா முகைதீன் கொழும்பில் கடையில் இருக்கிறார். அவருக்கு எழுதிப் போட்டோம். “லத்தீபா கூடப் போனால் போகட்டும்” என்று பதில் வந்தது.

இன்னொன்று. “ஒனக்கு எடுத்தாத்தான் எனக்கும் எடுக்கட்டும்” என்கிறாள் காலிதா. எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவளுக்காக நானும் நிற்பேன்.

லத்தீபா


சென்னை
28-5-1962

லத்தீபா அவர்களுக்கு,

இரண்டு மாதம் பதில் இல்லாததற்குக் காரணம் மலிகா. எங்கள் வார்டு நர்ஸ். நீங்கள் கேட்டபடி அவருக்கு மெஷினைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் மூன்று வாரம் எல்லாப் படமும் புகைமூட்டம். நான் பொறுமை இழந்தேன், அவர் இழக்கவில்லை. இப்போது அவர் எடுக்கும் படம் என் படத்தைவிடத் தெளிவு. காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். ஆறு விநாடி மூச்சை அடக்கி அசையாமல் நிற்க வேண்டும். நான் இருந்தால் பெண்கள் நடுங்குகிறார்கள். மலிகா பேச்சுக் கொடுத்தால் நடுங்குவதில்லை. இதை இரண்டு வருடம் முன்பே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 18 முதல் எந்த நாளும் வாருங்கள். போட் மெயில் எழும்பூரில் நிற்கும்போது மலிகா நடைமேடையில் இருப்பார். நான் இருக்க மாட்டேன்.

பூமிநாதன்


சென்னை
2-7-1962

லத்தீபா அவர்களுக்கு,

காலிதாவின் படங்கள் நான்கையும் தலைமை டாக்டரும் நானும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சுத்தம். வருடம் ஒரு தடவை வந்தால் போதும். இதை அவரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

இனி உங்கள் படம்.

உட்கார்ந்து படியுங்கள். இடது மார்பின் மேற்பகுதியில், அக்குளை ஒட்டி, சின்ன விரல் நகத்தளவு இடத்தில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் பொடிகள் தெரிகின்றன. சுண்ணாம்புப் பொடிகள். பதினொன்று எண்ணினேன். கட்டி என்று எதுவும் இல்லை. இப்படிப் பொடிகள் கூட்டமாக ஒரே இடத்தில் இருந்தால் அதனடியில் புற்றுநோய் தொடங்கியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த இடத்தைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

இடது பக்கம் மட்டும் இரண்டாவது தடவை எடுத்தபோது ஏன் என்று மலிகாவிடம் கேட்டீர்கள். அசைந்துவிட்டீர்கள் என்றார். அது பொய். நான் சொல்லச் சொன்ன பொய். முதல் படத்தை அடுத்த அறையில் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியாமல் உங்களைக் கலக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

சீக்கிரம் வாருங்கள். அறுவை டாக்டர் தங்கசாமியிடம் பேசுகிறேன்.

பூமிநாதன்


786
தொண்டி
13-7-1962

டாக்டர் அவர்களுக்கு,

பதினெட்டு வருடமாகப் பிள்ளை எடுக்கிறேன். வயிற்றின் மேல் கையை வைத்தால் தலை எது, குறுக்கு எது, கொடி எங்கே சுற்றியிருக்கிறது என்று சொல்வேன். தப்பியது கிடையாது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் உடம்பை நானே தடவிப் பார்க்கிறேன். நின்றும் பார்த்தேன், படுத்தும் பார்த்தேன், சோப்புப் போட்டும் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் ஒரு கடுகுகூட இல்லை. ஹமீதா பானுவுக்கு என் கை சொன்னது சரி. உங்களுக்குத் தெரியவில்லை, என் கைக்குத் தெரிந்தது. இப்போது மட்டும் நான் என் கையை நம்பாமல் உங்களை நம்ப வேண்டுமா?

அதுவும் பொய் சொல்லி எடுத்த படத்தை.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு கேஸ் வேண்டும். கைக்குத் தெரியாததைப் படம் காட்டியது என்று தலைமை டாக்டரிடம் காட்ட ஆள் வேண்டும். நான் கிடைத்தேன். எனக்குக் கேட்பாரில்லை, மாப்பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்த காக்கா வீட்டில் இருக்கிறேன். வாருங்கள் அறுக்கலாம் என்கிறீர்கள்.

நான் வரவில்லை. காலிதா சேதிக்கு நன்றி.

லத்தீபா


சென்னை
20-7-1962

லத்தீபா அவர்களுக்கு,

பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். மலிகாவும் என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

உங்கள் படத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். 94 என்ற எண்ணுக்கு நேரே கோடு போட்டாயிற்று. முடிவு எதுவானாலும் அது என் கணக்கில் ஏறாது. உங்கள் படங்கள் எல்லாவற்றையும் இதோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். என்னிடம் நகல் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்து நீங்களே பாருங்கள். லென்ஸ் இருந்தால் நல்லது.

உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. பதினொரு பொடியையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு கடுகு ஆகாது. எந்தக் கைக்கும் அது தட்டாது. கைக்குத் தட்டும்வரை காத்திருந்தால் அது ஹமீதா பானு வந்த நிலைக்கு வந்திருக்கும்.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியில்லாமல் பொடி மட்டும் இருந்ததை இதற்கு முன் இரண்டே பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குப் புற்றுநோய். இன்னொருவருக்கு எதுவும் இல்லை, வீணாக அறுத்தோம். உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருந்தால், அது துப்பட்டிக்கு மேலே தொட்டுவிட்டு அனுப்பியதற்குச் சமம். அதை இன்னொரு தடவை செய்ய என்னால் ஆகாது.

பூமிநாதன்


786
தொண்டி
11-8-1962

டாக்டர் அவர்களுக்கு,

படங்களை ஒரு வாரம் பெட்டியில் வைத்திருந்தேன். பிறகு கடற்கரைக்கு எடுத்துப் போனேன். காலை வெயிலில், வானத்தைப் பார்க்கப் பிடித்தேன். கடைத்தெரு பாக்கர் காக்கா கடியாரம் பழுது பார்க்கும் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டேன். என் உடம்பின் உட்புறத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வலதில் அது இல்லை. இடதில் இருக்கிறது.

பதினொன்று என்று எழுதினீர்கள். பன்னிரண்டு இருக்கிறது. கீழ் ஓரத்தில், நரம்பு திரும்பும் இடத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மூன்று நாள் தொடர்ந்து எண்ணினேன், பன்னிரண்டுதான்.

வீட்டில் என் காக்காவிடம் சொன்னேன். “ஒண்ணும் இல்லாத ஒடம்ப எதுக்குக் கத்திக்குக் குடுக்குற? ஊரு என்ன சொல்லும்?” என்று கத்தினார். “ஊருக்குப் பிள்ளை எடுக்குறவ நான், ஊருக்கு நான் சொல்லிக்கிருவேன்” என்றேன். காலிதா வந்து உட்கார்ந்துகொண்டு, “காக்கா, லாத்தா எனக்காகத்தான் அங்கன போயி நின்னுச்சு. நீங்க விடலைன்னா நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். தெருவில் தனியாக நடக்காதவள் அவள். காக்கா பயணத்துக்குப் பணம் எடுத்து வைத்தார்.

வருகிறேன். ஒரு நிபந்தனை. அறுத்து ஒன்றும் இல்லை என்றால், நீங்கள் தொண்டிக்கு வர வேண்டும். காலிதா வீட்டு முற்றத்தில் பெண்களைக் கூட்டி உட்கார வைப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, “நான் சொன்னது தப்பு” என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இனி எந்தப் பெண்ணும் எந்த டாக்டரிடமும் மார்பைக் காட்ட மாட்டாள்.

முடிவு எதுவாக இருந்தாலும் என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

லத்தீபா


எக்ஸ்ரே பிரிவு
7-9-1962

லத்தீபா அவர்களுக்கு,

நீங்கள் மாடியில், நான் கீழ்த் தளத்தில். நீங்கள் சொன்னபடி எழுதி மலிகாவிடம் அனுப்புகிறேன்.

தங்கசாமி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, “இல்லாத கட்டியை எங்கேய்யா வெட்டச் சொல்றே?” என்றார். நீங்கள் கொண்டுவந்த படத்தில் அளந்து, மையால் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். எலுமிச்சையளவு சதை எடுத்தார். அதை அங்கேயே வாங்கிக்கொண்டு ஓடிவந்து எக்ஸ்ரே எடுத்தேன். பொடிகள் அதில் இருந்தன. எண்ணினேன். பன்னிரண்டு.

இன்று காலை நுண்ணோக்கிச் சோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். பச்சைப்பயறு அளவு. பெரும்பாலும் பால் நரம்புக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது, வெளியே ஓரிடத்தில் மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறது. இவ்வளவு சின்னதாக இந்த ஆஸ்பத்திரியில் யாரும் எடுத்ததில்லை என்கிறார் தங்கசாமி. மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு இப்போது இருக்கும் வைத்தியம் அதுதான். எடுத்தால் பிழைப்பீர்கள் என்று அவரும் நானும் நம்புகிறோம். முடிவு உங்களுடையது. அவசரம் இல்லை, நாளை சொன்னால் போதும்.

பூமிநாதன்

(அதே தாளின் பின்புறம்)

நாளை வரை எதற்கு? எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் எனக்கு ஏழு பிரசவம் இருக்கிறது, அதற்குள் கை தூக்க வேண்டும்.

நீங்கள் தொண்டிக்கு வர வேண்டாம். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

லத்தீபா


786
தொண்டி
10-12-1962

டாக்டர் அவர்களுக்கு,

அக்குளில் எடுத்த முடிச்சுகளிலும் ஒன்றும் இல்லை என்று தங்கசாமி டாக்டர் எழுதிய கடிதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். கைப்பயிற்சி தினமும் செய்கிறேன். சுவரில் விரலால் ஏறும் பயிற்சிதான், நிலைப்படியின் மேல்கட்டை வரை எட்டுகிறது. ஐப்பசிப் பிரசவம் ஏழில் ஐந்தை நானே பார்த்தேன். இரண்டு பெண் பிள்ளை, மூன்று ஆண் பிள்ளை. ஆறாவதும் ஏழாவதும் என்னைக் கேட்காமல் முன்னாலேயே வந்துவிட்டன.

குளிக்கும்போது மட்டும் கை அந்த இடத்துக்குப் போய் நின்றுவிடும். அழுதிருக்கிறேன். எழுதுவதில் வெட்கம் என்ன. இப்போது குறைந்துவிட்டது.

வந்த புதிதில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மையத்து வீட்டுக்கு வந்ததுபோல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “யாரு செத்துட்டாகன்னு வந்தீக?” என்று கேட்டேன். அப்போது திருப்பாலைக்குடியிலிருந்து மீன் கொண்டு வரும் ராக்கு கேட்டாள்: “ஒண்ணும் இல்லாம எப்படி நர்ஸம்மா அறுக்கக் குடுத்தீக?”

எழுந்து போய்ப் படத்தை எடுத்து வந்தேன். ஜன்னல் கம்பியில் சொருகினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து, “எண்ணு” என்றேன். ராக்கு பதின்மூன்று என்றாள். துடைத்துப் பார்த்தால் ஒன்று அவள் கையிலிருந்து ஒட்டிய மீன் செதில். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி விடாமல் எண்ணிப் பார்த்தார்கள்.

எல்லாரும் போன பிறகு ராக்கு மட்டும் கூடையை எடுக்காமல் நின்றாள். கதவைச் சாத்தினாள். ரவிக்கையை அவிழ்த்து, “ஆறு மாசமா இருக்கு நர்ஸம்மா. யாருகிட்டயும் சொல்லல” என்றாள். தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது, வலது பக்கம், நெல்லிக்காய் அளவு. உருளுகிறது. என் கை அது கெட்டதில்லை என்கிறது. ஆனால் என் கையை மட்டும் கேட்டுக்கொண்டு நான் இனி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். வருகிற வாரம் அவளை அனுப்புகிறேன். துணைக்குக் காலிதா வருகிறாள். ஆமாம், காலிதாதான்.

லத்தீபா


சென்னை
19-4-1963

லத்தீபா அவர்களுக்கு,

ராக்குவுக்கு நீர்க்கட்டி. ஊசியில் நீரை உறிஞ்சி எடுத்ததும் கட்டி போய்விட்டது என்று அவரே அப்போதே சொல்லியிருப்பார். உங்கள் கையும் படமும் ஒன்றைத்தான் சொன்னன. மார்ச் மாதம் நீங்கள் பரிசோதனைக்கு வந்தபோது எடுத்த வலது மார்புப் படமும் சுத்தம்.

இப்போது ஒரு சேதியும் ஒரு கேள்வியும். தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி வருகிற டாக்டர்கள் மாநாட்டில் படிக்கச் சொன்னார். பிலிமும் இனி கேட்டபடி கிடைக்கும். அவர் மனம் மாறியது உங்கள் சதைத் துண்டின் படத்தைப் பார்த்த பிறகுதான். ஆனால் உங்கள் கேஸை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். நீங்கள் சம்மதிக்காமல் அதைச் சேர்க்க மாட்டேன். அது இல்லாவிட்டாலும் கட்டுரை நிற்கும். அது இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

கட்டுரை இங்கிலீஷில். உங்கள் பகுதியை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்:

“நோயாளி 94. வயது நாற்பத்து மூன்று. விதவை. குழந்தைகள் இல்லை. நோயின் அறிகுறி எதுவும் இல்லை. கைப்பரிசோதனையில் கட்டி தட்டுப்படவில்லை. படத்தில் இடது மார்பின் மேற்புறத்தில் பன்னிரண்டு சுண்ணாம்புப் பொடிகள். அறுவையில் ஆறு மில்லிமீட்டர் புற்றுநோய். நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை.”

பெயர் வராது. எந்த நோயாளியின் பெயரையும் போடுவதில்லை. சரி என்றாலும், வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

பூமிநாதன்


786
தொண்டி
1-5-1963

டாக்டர் அவர்களுக்கு,

சேர்க்கலாம். ஆனால் எழுதியது சரியில்லை.

“கைப்பரிசோதனையில் கட்டி தட்டுப்படவில்லை” என்று போட்டிருக்கிறீர்கள். யார் கைக்கு? அதை எழுதவில்லையே. மாநாட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய டாக்டர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ ஒரு டாக்டர் அவசரத்தில் துணிக்கு மேலே தொட்டிருப்பார், அதுதான் தட்டவில்லை, நான் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் கட்டுரை அங்கேயே செத்துவிடும்.

இப்படி எழுதுங்கள்: “பதினெட்டு வருட அனுபவம் உள்ள ஒரு மருத்துவச்சி, படத்தில் தெரிந்த இடம் இன்னது என்று அறிந்த பிறகும், பல நாள், நின்றும் படுத்தும், துணியில்லாமல் பரிசோதித்தார். அவர் கைக்கு எதுவும் தட்டவில்லை.” அப்போது அவர்களுக்குப் புரியும், குறை கையில் இல்லை என்று.

அடுத்த வியாழக்கிழமை வண்டியில் ஒன்பது பேர் வருகிறார்கள். இரண்டு பேர் தேவிபட்டினம், மற்றவர்கள் இங்கே. அதில் ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதால்தான் வருகிறோம் என்கிறார்கள். மலிகாவைப் பிலிம் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நோயாளியின் பெயர் வேண்டாம், சரி. அது உங்கள் வழக்கம். பரிசோதித்தவர் பெயரைப் போடுவது உண்டா இல்லையா? உண்டு என்றால் பிழையில்லாமல் போடுங்கள்.

எம். லத்தீபா,
மருத்துவச்சி,
தொண்டி.